தோலுக்கு அடியில் உப்பு

ஜூன் 4, புதன்

இந்த டைரி ஜெபராணி சிஸ்டர் கொடுத்தது. ஏதோ மருந்துக் கம்பெனிக்காரர்கள் போன வருஷம் கொடுத்தார்களாம், ஒரு பக்கம்கூட எழுதாமல் கிடந்திருக்கிறது.

"பெரியம்மா, டாக்டர் ஒண்ணு சொல்லுதாங்க. நீங்க வெளிய போயி போன்ல வேற ஒண்ணு சொல்லுதீங்க. பேஷண்டோட அண்ணன் மஸ்கட்லருந்து எங்களுக்குப் போன் போட்டு சத்தம் போடுதாரு. கேட்டத கேட்டபடி எழுதி வச்சுப் படிச்சுச் சொல்லுங்க" என்றாள்.

எனக்கு ஆறாவது வரைதான் படிப்பு. உப்பளத்தில் உப்பு இழுக்கிற பலகை பிடித்த கை, பேனா பிடித்தால் எழுத்து கோணிக்கொண்டு போகிறது. போகட்டும்.

டாக்டரம்மா சொன்னது: தலையில் ரத்தக்கட்டு சின்னதுதான், பயமில்லை. இடது பக்க விலா எலும்பு உடைந்திருக்கிறது. தானாக மூச்சு இழுக்க முடியாது. மிஷின்தான் காத்து கொடுக்கிறது. மயக்க மருந்து போவதால் பேச்சு இல்லை.

உள்ளே கிடப்பது என் மருமகன் நயினார். சனிக்கிழமை சாயங்காலம் அவனும் என் மகள் வேல்கனியும் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வண்டியில் கிளம்பினார்கள். இருட்டப் போகிறது, பஸ்ஸில் போங்கள் என்றேன். "வண்டியிலயே போயிருதோம் அத்தை" என்றான். எங்கள் ஊர் ரோடு பிரிகிற விலக்கு தாண்டி ஒரு உப்பு லாரி லைட் போடாமல் நின்றிருக்கிறது. கனி அங்கேயே போய்விட்டாள். அவன் கிடக்கிறான். அவனுக்கு அப்பா அம்மா இல்லை. அண்ணன் மஸ்கட்டில். அதனால் இங்கே உட்காரவும் கையெழுத்துப் போடவும் நான்.

வெளியில் எல்லோரிடமும் மாப்பிள்ளை, மாப்பிள்ளை என்றுதான் சொல்கிறேன். இதில் அவன் என்றே எழுதுகிறேன். இதை யார் படிக்கப் போகிறார்கள்.

ஜூன் 5, வியாழன்

மதியம் பார்க்க விட்டார்கள். உள்ளே ஆள் குறைவு என்று சிஸ்டர் என்னையே துடைத்து விடச் சொன்னாள். ஈரத் துணியில் கை, கால், கழுத்து. கையைத் துடைத்தேன், காலைத் துடைத்தேன். கழுத்துப் பக்கம் போகவில்லை. முகம் பார்க்க வேண்டி வரும்.

கனிக்கு ஒரு கீறல்கூட முகத்தில் இல்லை. தூங்குகிற மாதிரி இருந்தாள்.

வெளியில் காத்திருக்கிற கூடத்தில் என் பக்கத்துப் பாய் பிச்சம்மாளுடையது. கயத்தாறு பக்கம். அவள் அண்ணன் உள்ளே இருக்கிறார். வாய் ஓயாது அவளுக்கு. "எங்க அண்ணனுக்கு முந்தாநாளு கிட்னின்னாவ. நேத்து ஈரல்ன்னாவ. இன்னைக்கு நெஞ்சுங்காவ. உறுப்பெல்லாம் முடிஞ்சா அனுப்பிருவாவ போல" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளையைத் தூக்கிக் கொடுத்து ஒரு வாரம் ஆகவில்லை, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். சிரித்த பிறகு கழிப்பறைக்குப் போய் வெகு நேரம் நின்றேன்.

ஜூன் 6, வெள்ளி

டாக்டரம்மா பேர் ஹேமலதா. சேலம் பக்கம். என் மகளைவிட ரெண்டு மூன்று வயது கூட இருக்கும். இன்றைக்கு என்னைக் கூப்பிட்டு வைத்துப் பேசினாள். கேட்டபடி எழுதுகிறேன்.

"அம்மா, இடது பக்கம் நெஞ்சுல காத்து புகுந்திருக்குமோன்னு எனக்கு சந்தேகமா இருக்குங்க. எக்ஸ்ரேல தெளிவா தெரியல. படுத்தே இருக்கறவங்களுக்கு சில நேரம் எக்ஸ்ரேல தப்பிடும். ஸ்கேன் வச்சுப் பாத்தா தெரிஞ்சிடும். மிஷின் பிரசவ வார்டுல மாட்டிக்கிச்சு, கேட்டிருக்கேன். காத்து இருந்துச்சுன்னா ஓட்டை போட்டு வெளிய எடுக்கணும். நீங்க கையெழுத்து போட்டு வச்சிருங்க."

"அவுக அண்ணன்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்லுதேன் டாக்டர்" என்றேன்.

"சீக்கிரம் கேளுங்க."

வெளியில் வந்து பிச்சம்மாளிடம் சொன்னேன். அவள் பாயைவிட்டு எழுந்தே உட்கார்ந்துவிட்டாள்.

"காத்துன்னா சொன்னாவ? டாக்டரே சொன்னாவளா?"

"ஆமா. புகுந்திருக்குன்னாவ. வெளிய எடுக்கணுமாம்."

"ஏ ஆத்தி. படிச்ச பிள்ளை வாயிலயே காத்து கருப்பு பேச்சு வந்துட்டுன்னா பாத்துக்கோ." குரலை இறக்கினாள். "ஒம் மவளுக்குப் பதினாறு ஆச்சா?"

"இல்ல."

"பொறவு அவ எங்க போவா? புருசங்காரன்ட்டதான் போவா. கண்ணு மூடாத உசுரு."

தண்ணீர் பிடிக்கப் போனேன். குழாயடியில் நிற்கும்போது உடம்பெல்லாம் சிலிர்த்தது. பயத்தில் இல்லை.

சாயங்காலம் சிஸ்டர் கேட்டாள், அண்ணனிடம் பேசியாயிற்றா என்று. லைன் கிடைக்கவில்லை என்றேன்.

ஜூன் 7, சனி

இன்று கழுத்தையும் துடைத்தேன்.

இடது பக்கம், காரை எலும்புக்கு மேலே, விரல் பட்டதும் தோலுக்கு அடியில் நொறுநொறு என்றது. கையை எடுத்துவிட்டேன். மறுபடி வைத்தேன். நொறுநொறு.

எனக்குத் தெரிந்த சத்தம் அது. சத்தம்கூட இல்லை, விரலில் கேட்பது. பாத்தியில் முதல் உப்பு மேலாகப் பொரிந்து நிற்கும்போது காலை வைத்தால் இப்படித்தான் இருக்கும். கனிக்கு நாலு வயதில் அளத்துக்குக் கூட்டிப் போவேன். வரப்பில் உட்காரடி என்றால் கேட்க மாட்டாள். மேஸ்திரி அந்தப் பக்கம் போனதும் பாத்தியில் இறங்கி மிதிப்பாள். "யம்மா, நொறுநொறுங்கு!" என்று கத்துவாள். உப்பு கெட்டுப்போகும் என்று முதுகில் ஒன்று வைப்பேன். அழுதுகொண்டே இன்னொரு மிதி மிதிப்பாள்.

விரலை அங்கேயே வைத்துக்கொண்டு இருந்தேன். அமுக்கினேன். அமுக்க அமுக்க உள்ளே நொறுங்கிக்கொண்டே போயிற்று. "கனி" என்று கூப்பிட்டேன். மெதுவாகத்தான். சிஸ்டர் அடுத்த கட்டிலில் மருந்து மாற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்கவில்லை.

அவன் இமை லேசாக அசைந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஓட்டை போட்டு எடுத்துவிடுவார்கள்.

டாக்டரம்மா போகும்போது, "என்னங்கம்மா, கையெழுத்து?" என்றாள். நாளைக்கு என்றேன். ஸ்கேன் மிஷின் இன்னும் வரவில்லை. பிரசவ வார்டில் ஒரே கூட்டமாம்.

இட்லி வாங்கிச் சாப்பிட்டேன். கனி போன பிறகு இன்றைக்குத்தான் சோறு தண்ணி ருசித்தது.

ஜூன் 8, ஞாயிறு

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடி எழுதுகிறேன்.

பார்க்கிற நேரத்துக்கு உள்ளே போனேன். நொறுநொறுப்பு கழுத்தைத் தாண்டி மேலே வந்திருந்தது. கன்னத்துக்கு அடியில்கூட இருந்தது. அந்தப் பக்கத்து முகம் உப்பியிருந்தது. நான் துணியை நனைத்துக்கொண்டு அங்கேதான் கையை வைத்திருந்தேன். அப்போது மிஷின் கத்த ஆரம்பித்தது. சிவப்பு லைட். அவன் உதடு நாவற்பழம் தின்ற மாதிரி ஆகிவிட்டது.

ஜெபராணி சிஸ்டர் ஓடி வந்தாள். என்னைத் தள்ளிவிட்டாள். டாக்டரம்மா வந்து நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டாள். மிஷின் கத்துகிற கத்தில் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை போல. "ஸ்கேன் எங்க? இப்ப வரணும், இப்பவே!" என்று கத்தினாள். வார்டு அண்ணாச்சி ஒருவர் சக்கரம் கடகடக்கத் தள்ளிக்கொண்டு வந்தார். பிரசவ வார்டில் இருந்து அப்படியே பிடுங்கிக்கொண்டு வந்திருப்பார், தோலில் தடவுகிற கூழ் பாட்டிலுக்கு மூடிகூட இல்லை.

நான் திரைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

அந்த மிஷினை எனக்குத் தெரியும். கனி முழுகாமல் இருந்தபோது வயிற்றில் வைத்துப் பார்த்தது. இதே கூழ், இதே சாம்பல் படம். அன்றைக்கும் அசைவு இல்லை என்றுதான் சொன்னார்கள்.

முதலில் வலது பக்கம் வைத்தாள். படத்தில் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. அந்தக் கோடு பளபளவென்று அங்கும் இங்கும் ஓடியது, வரப்பில் எறும்பு சாரை போகிற மாதிரி. "ஓடுது" என்றாள். அப்புறம் இடது பக்கம். தோள் பக்கம் வைத்தபோது படமே சரியாக வரவில்லை. கீழே தள்ளி வைத்தாள். அங்கேயும் வெள்ளைக் கோடு இருந்தது. ஆனால் செத்துக் கிடந்தது.

"ஓடல. பெரிய ஊசி எடுங்க."

கையெழுத்து எங்கே என்று யாரும் கேட்கவில்லை. விலா இடுக்கில் ஊசியைக் குத்தினாள். புஸ்ஸென்று காத்து வந்தது. சைக்கிள் டியூப்பில் இருந்து வருகிற மாதிரி. அவ்வளவு காத்து ஒரு நெஞ்சுக்குள் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. வந்துகொண்டே இருந்தது.

நான் கத்திவிட்டேன். "போயிராதட்டீ! கனி, போயிராதட்டீ!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த கட்டில்காரரைப் பார்க்க வந்தவர்களும் பார்த்தார்கள். டாக்டரம்மா மட்டும் திரும்பவில்லை. "அம்மாவ வெளிய கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

வாசல் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாப்பிள்ளை உதட்டில் நிறம் திரும்பியது. விலாவில் குழாய் சொருகி, கீழே தண்ணீர் ஊற்றிய பாட்டிலில் விட்டார்கள். பாட்டிலில் குமிழி குமிழியாக வந்தது.

பிறகு கையெழுத்துக்கு என்று கூப்பிட்டார்கள். போட்ட ஓட்டைக்குக் கையெழுத்துப் போட்டேன்.

அப்போதுதான் டாக்டரம்மா அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. "தோலுக்கு அடியில இவ்வளவு காத்து. இது இன்னைக்கு வந்தது கிடையாது. துடைக்கறப்ப கைக்குத் தட்டியிருக்குமே சிஸ்டர்? தொட்டாலே தெரியற விஷயம். நேத்தே சொல்லியிருந்தா நான் மிஷினுக்கு இப்படிப் பிச்சை எடுத்துட்டு நின்னிருக்க மாட்டேனே?"

ஜெபராணி சிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டாள். "கவனிக்கல மேடம்" என்றாள்.

துடைத்தது நான் என்று அவள் சொல்லவில்லை. நோயாளியின் ஆட்களைத் துடைக்க விடக் கூடாதாம், அதனால் சொல்லவில்லை போல. ஈரத் துணி என் கையில்தான் இருந்தது. சேலைக்குள் மறைத்துக்கொண்டேன்.

ஜூன் 9, திங்கள்

துணி துவைத்தேன். பிச்சம்மாளின் சேலையையும் சேர்த்துத் துவைத்தேன். உள்ளே போகவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

ஜெபராணி சிஸ்டரிடம் எழுத்தில் பதில் கேட்டிருக்கிறார்கள் என்று வார்டு அண்ணாச்சி சொன்னார். அவள் என்னைப் பார்த்தால் பேசுகிறாள், ஆனால் பெரியம்மா என்கிற வார்த்தை வரவில்லை.

மருந்து அறை வாசலில் வைத்துச் சொல்லிவிட்டேன். "சிஸ்டர், சனிக்கிழமையே என் கைக்குத் தட்டுச்சு. நொறுநொறுன்னு."

அவள் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"பொறவு எதுக்குச் சொல்லல?"

"காத்துன்னாங்களா. நான் என் பிள்ளைன்னு நெனச்சிட்டேன்."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"மொத நாளு எம் முன்னாலதான எழுதுனீங்க, மிஷின் காத்து குடுக்குன்னு? அது என்ன, பேயா குடுக்கு?"

கீழே வைத்த தட்டை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

"எனக்கு ரெண்டு பிள்ள இருக்கு பெரியம்மா. என் வேலைல கைய வச்சிட்டீங்க. நான் ஏச்சு வாங்கயில அங்கனதான நின்னீங்க? துணிய ஒளிச்சத நான் பாத்தேன்."

கூடத்துக்கு வந்து டைரியை எடுத்து முதல் பக்கத்தைப் பார்த்தேன். எழுதித்தான் இருக்கிறேன். காத்து கொடுக்கிறது என்று, என் கோணல் எழுத்தில்.

தெரியாமல் இல்லை. அது கனியாக இருக்கட்டும் என்று இருந்தது. அவள் இருக்கட்டும், அவன் போனால் போகட்டும் என்றும் இருந்ததா? இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

டாக்டரம்மாவின் அறைக்குப் போய் நின்றேன். நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லோர் முன்னாலும் சொன்னேன். சிஸ்டர் மேல் தப்பில்லை, துடைத்தது நான், தெரிந்தும் சொல்லாதது நான். அண்ணனுக்குப் போனே போடவில்லை என்பதையும் சொன்னேன். கொஞ்சம் வயது போன டாக்டர் ஒருவர், "ஏம்மா, ஒரு உயிர் விஷயம் இது, விளையாட்டா?" என்றார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல.

டாக்டரம்மா திட்டவில்லை. வெளியில் வந்தபோது கூடவே வந்தாள். "சந்தேகம் வந்த அன்னைக்கே நான் மிஷின இழுத்துட்டு வந்திருக்கணும்மா. எக்ஸ்ரேல பெருசா இல்லைன்னு ரெண்டு நாள் விட்டேன். அது என் கணக்கு" என்றாள். பிறகு, "சிஸ்டர்கிட்ட நான் பேசிக்கறேன்" என்றாள்.

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் 12, வியாழன்

உள்ளே போனேன். சிஸ்டர் துணியும் தண்ணீரும் எடுத்துக் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை மூச்சுக்கு ஏற்ற மாதிரி தண்ணீர் ஏறி இறங்குகிறது. குமிழி குறைந்திருக்கிறது.

டாக்டரம்மா மறுபடி ஸ்கேன் வைத்தாள். இப்போது அவசரம் இல்லை, என்னையும் பார்க்கச் சொன்னாள். ஒரு பொத்தானை அழுத்தினாள், படம் மாறியது.

"இதப் பாருங்கம்மா. மேல கோடு கோடா இருக்குல்ல? கடல் மாதிரின்னு வச்சுக்கங்க. கீழ பொடிப்பொடியா இருக்கறது மணல். நுரையீரல் நெஞ்சோட ஒட்டி அசைஞ்சாதான் மணல் தெரியும். நாங்க இத கடக்கரைன்னுதான் சொல்லுவோம். அன்னைக்கு இந்தப் பக்கம் மணலே இல்ல. மேலருந்து கீழ வரைக்கும் வெறும் கோடு."

"நடுவுல காத்து நின்னதால?"

"ஆமா. வெறும் காத்து."

அந்த வெறும் என்கிற வார்த்தையை அவள் வேண்டுமென்றே சொன்னாளா என்று தெரியவில்லை. மணலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வலது பக்கம் போலவே இடது பக்கமும் கரை வந்திருந்தது.

ஜூன் 15, ஞாயிறு

இன்று கனிக்குப் பதினாறு. என் தம்பி ஊரில் செய்கிறான். நான் போகவில்லை.

ஜூன் 16, திங்கள்

காலையில் வாய்க் குழாயை எடுத்துவிட்டார்கள். விலாக் குழாய் மட்டும் இருக்கிறது. மதியம் நான் போனபோது மாப்பிள்ளை கண் திறந்திருந்தது.

"அத்தை." குரல் தகரத்தில் மணல் தேய்க்கிற மாதிரி இருந்தது.

"சொல்லுங்க மாப்பிள்ளை."

"கனிக்குப் பதினாறு முடிஞ்சிட்டா?"

எப்படிச் சொல்வது என்று இத்தனை நாளும் எனக்குள் ஒத்திகை பார்த்து வைத்ததெல்லாம் வீணாகப் போயிற்று. கனி போனதை ரோட்டிலேயே அவர் பார்த்திருக்கிறார்.

"நேத்து முடிஞ்சிட்டு" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டார். பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன். பிறகு அவராகவே கையைத் தூக்கிக் கழுத்தைத் தொட்டார்.

"இங்க அமுக்குனீங்க. கனின்னு கூப்பிட்டீங்க."

எனக்கு ஸ்டூலோடு பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

"கேட்டுச்சா மாப்பிள்ளை?"

"கேட்டுச்சு. நானும் அவதான்னு நெனச்சேன். மூச்சு முட்டுச்சு. சரி, கூப்பிடுதாளேன்னு கெடந்தேன்."

இதோடு விட்டிருக்கலாம். அவர் வாயாலேயே எனக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. அவரும் அப்படித்தான் நினைத்தார், நானும் அப்படித்தான் நினைத்தேன் என்று அழுதுவிட்டு எழுந்து வந்திருக்கலாம். வாய் வரை வந்தது.

"நான் அப்பிடி மட்டும் நெனைக்கல மாப்பிள்ளை" என்றேன். "அவ போயிட்டா, நீங்க மட்டும் கெடக்கீங்களேன்னு இருந்துச்சு. அது காத்துதான்னு எனக்குத் தெரியும். சொல்லியிருந்தா அன்னைக்கே எடுத்திருப்பாங்க. சொல்லல."

அவர் என்னைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நேரம் முடிந்தது என்று சிஸ்டர் மணி அடித்தாள்.

ஜூன் 17, செவ்வாய்

பார்க்கிற நேரம் வந்தது. எல்லோரும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனார்கள். நான் போகவில்லை. அவர் அண்ணனுக்கு நேற்றே போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லியாயிற்று. வெள்ளிக்கிழமை வருகிறாராம். அதுவரை வாசலில் இருப்போம், பிறகு ஊருக்குப் போவோம் என்று பையைக் கட்டி வைத்திருந்தேன்.

"உள்ள போகலியாட்டீ?" என்றாள் பிச்சம்மாள்.

"தல வலிக்கு."

"ஒனக்குத் தலையா, மனசா?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்கு நிற்காமல் அவள் அண்ணனைப் பார்க்கப் போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் ஜெபராணி சிஸ்டர் வெளியில் வந்தாள். என்னைப் பார்க்காமல் கதவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"உங்க மாப்பிள்ளை கூப்பிடுதாரு."

"என்னையவா?"

"துடைச்சு விடணுமாம். நான் துடைக்கேன்னேன். அத்தை துடைக்கட்டுங்காரு." போகத் திரும்பியவள் நின்றாள். "இந்தத் தடவ நான் பக்கத்துலதான் நிப்பேன்."

"நில்லு தாயி" என்றேன்.

போனேன். அவர் தாடையைக் கொஞ்சம் மேலே தூக்கிக் கொடுத்தார். சிஸ்டர் கட்டில் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். துணியை நனைத்துப் பிழிந்தேன். முதலில் முகத்தைத் துடைத்தேன். பிறகு காரை எலும்புக்கு மேலே, அதே இடத்தில், விரலை வைத்தேன். அமுக்கினேன்.

ஒன்றும் இல்லை. வெறும் தோல். சூடாக இருந்தது.